ஏகாதசி எழுத்தும் துவாதசி எழுத்தும்

அச்சடித்த காகிதம் எது கையில் வந்தாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது எழுத்தின் வடிவத்தை. அகரத்தின் சுழி எங்கே தொடங்குகிறது, ழகரத்தின் கால் எப்படி முடிகிறது, அந்தக் காலத்து அச்சில் ‘லை’ என்று போட்டால் முன்னால் நீளுமே ஒரு தும்பிக்கை, அது தடியா மெலிசா என்றெல்லாம் கவனித்து, “இது சென்னைப் பட்டறையில் வார்த்த டைப்பு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் செய்திக்குப் போவேன். அந்தத் தீர்ப்பை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்காமலே சொல்வது பாலக்காட்டில் எங்கள் தெரு ஆண்களுக்கு உள்ள உரிமைகளில் ஒன்று.

ஒருமுறை தூரத்து உறவில் ஒருவர் காலமான செய்தி கறுப்புக் கரை போட்ட கார்டில் வந்தது. நான் அதை வெளிச்சத்தில் பிடித்து, “அடடா, இந்த ஞகரத்தைப் பாரேன், என்ன நறுவிசு!” என்றேன். என் மனைவி அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்தாள்.

“ஞகரம் இருக்கட்டும். போனது யாராக்கும்?”

அந்த வரிக்கு நான் இன்னும் வந்திருக்கவில்லை.

பிழைப்புக்கு நான் வக்கீல் குமாஸ்தா. பகலெல்லாம் மற்றவர்களின் கோழிக் கிறுக்கலைப் பிரதி எடுப்பவனுக்கு ஒழுங்காக வார்த்த எழுத்தைப் பார்ப்பதே ஒரு தரிசனம். மாலையில் கோர்ட்டு கலைந்ததும் நேரே கடைவீதிக்குப் பின்னால் இருந்த ஓர் அச்சாபீஸுக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். அதன் சொந்தக்காரர் வடகரப்பதிப் பக்கத்து விவசாயக் குடும்பம். என்னைவிட நாலைந்து வயது இளையவர். தோளில் ஒரு துண்டு, விரல் நுனியில் மை, முகத்தில் எப்போதும் எதையோ எண்ணிக்கொண்டிருக்கிற பாவனை. நான் அவரை முதலாளி என்று கூப்பிடுவேன். அவர் என்னைச் சாமி என்பார். இரண்டு பட்டங்களுக்கும் நாங்கள் இருவருமே லாயக்கில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அச்சாபீஸ் இருந்த கட்டடம் அவருடைய அண்ணனுடையது. அண்ணன் நிலக்கடலை வியாபாரி. தம்பி ஏதோ ஆசைப்படுகிறான் என்று இடத்தைக் கொடுத்திருந்தார். ஆனால் ஐப்பசியில் பெய்கிற துலா மழை முடிந்து கடலைக்காய் வரும்போது மூட்டை அடுக்க இடம் வேண்டும். “அதுக்குள்ள நெலையா ஒரு வேலை உன்ற கைக்கு வந்தா அச்சு ஓட்டு, இல்லீனா மெஷினக் கழட்டி வெச்சுப்போட்டு என்றகூட வண்டியேறு” என்று சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, சாப்பிட்டுக்கொண்டே சொன்னாராம். அதுதான் நண்பரை அதிகம் பயமுறுத்தியது. கோபத்தில் சொன்னால் மாற்றிக்கொள்வார். சாப்பிடும்போது சொன்னதை மாற்றிய வழக்கம் அவருக்கு இல்லை.

நிலையான வேலை என்று ஒன்று வரத்தான் செய்தது. எல்லையோரத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் சிலவற்றை நடத்தி வந்த ஒரு மேனேஜர், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வாசகப் புத்தகம் தாமே எழுதி வைத்திருந்தார். எல்லை தாண்டி, பொள்ளாச்சிப் பக்கத்து மனிதர். வருஷா வருஷம் அச்சடிக்க வேண்டிய புத்தகம். மாதிரிக்கு ஒரு பக்கம் அச்சடித்துக் காட்டச் சொன்னார். நண்பர் காட்டினார். அன்று மாலை நான் போனபோது அந்தப் பக்கம் மேசைமேல் கிடந்தது. அகரங்களையெல்லாம் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது.

“ஏனுங்க சாமி, ஒரே பக்கத்துல ரெண்டு தினுசு ‘அ’ இருக்குதாமா. கொழந்தைக்கு அகரம் மொகம் பழகாத ஆளுங்களாமா. இந்த வரியில ஒரு மொகம், அடுத்த வரியில ஒரு மொகம் காட்டுனா மெரண்டுபோகுமுன்னு சொல்லிப்போட்டாருங்க.”

“அவர் சொன்னது வாஸ்தவம்தான்” என்றேன்.

“வாஸ்தவம்னு எனக்குந் தெரியுதுங்க. அதனாலதான இத வெச்சுட்டு ஒக்காந்திருக்கறனுங்க.”

அந்த இரண்டு முகத்துக்கும் ஒரு கதை உண்டு. அச்சாபீஸில் மலையாள டைப்பு ஒழுங்காகப் பெட்டி பெட்டியாக இருந்தது. தமிழ் டைப்பை நண்பர் கோயம்புத்தூரில் மூடிப்போன ஓர் அச்சுக்கூடத்திலிருந்து பழையதாக வாங்கினார். அங்கே இரண்டு பட்டறைகளில் வார்த்த டைப்பு இருந்தது, ஒரே அளவு. தனித்தனித் தட்டுகளில் வைத்துத்தான் வண்டியேற்றினார்கள். வாளையாற்றுக்கு இப்புறம் வண்டி குடை சாய்ந்தது. வண்டிக்காரர் நேர்மையான மனிதர். வழியில் சிதறிய எழுத்துகளில் ஒன்றைக்கூட விடாமல் பொறுக்கி, ஒரே சாக்கில் கொட்டிக் கட்டிக் கொண்டுவந்து சேர்த்தார். கூடவே கொஞ்சம் கூழாங்கல்லும் இருந்தது. அவர் இன்னும் கொஞ்சம் பொறுப்பில்லாதவராக இருந்திருந்தால் என் நண்பர் வேறு டைப்பு வாங்கியிருப்பார்.

மாட்டுச் சந்தை நோட்டீஸுக்கும் நாடக நோட்டீஸுக்கும் அந்தக் கலவை போதுமானதாக இருந்தது. மாடு வாங்க வருபவர் அகரத்தின் முகத்தைப் பார்ப்பதில்லை. பாடப் புத்தகம் வந்தபோதுதான் வினை வந்தது. வழக்கமாக அச்செழுத்தின் உடம்பில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். பட்டறைக்குப் பட்டறை அது இடம் மாறும். அதைத் தடவியே பிரித்துவிடலாம். இந்த இரண்டு பட்டறைகளும் வெட்டை ஒரே இடத்தில் போட்டுத் தொலைத்திருந்தன. முகத்தைப் பார்த்துப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த நேரத்தில் என் வாய் தானாகத் திறந்தது.

“இதுக்கா முதலாளி கவலைப்படறேள்? எங்கிட்டே கொடுங்கோ. கண்ணை மூடிண்டு பிரிச்சுத் தரேன்.”

“கண்ணத் தொறந்துட்டே பிரிங்க சாமி, போதும்” என்றார் நண்பர். மேனேஜர் அடுத்த சந்தை நாளில் மறுபடி வருவதாகச் சொல்லியிருந்தார். அப்போதும் சரியில்லையென்றால் அதோடு சரி என்றும் சொல்லியிருந்தார்.

ஒரு பையில் எழுத்துகளை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் பாயை விரித்துக் கொட்டியபிறகுதான் எனக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. இத்தனை காலமும் நான் பார்த்து ரசித்தவை காகிதத்தில் விழுந்த எழுத்துகள். ஈய எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறியிருக்கும். என் முன்னால் கிடந்தவற்றில் பாதி எனக்கு என்ன எழுத்தென்றே விளங்கவில்லை. பத்து வருஷம் ஒருவரோடு பழகிவிட்டு, முதுகைப் பார்த்து இது யார் என்று விழிப்பதுபோல இருந்தது.

அன்று வீட்டில் அப்பள மாவு இடித்து வைத்திருந்தார்கள். உருண்டை உருண்டையாக, மெத்தென்று, ஈரத்துணி போர்த்தி. ஓர் உருண்டையை எடுத்துத் தட்டையாக்கி அதில் ஓர் எழுத்தை அழுத்தினேன். அழகாக, நேராக, ஒரு ‘ண’ விழுந்தது. உற்சாகம் தாங்கவில்லை. அரை மணி நேரத்தில் தமிழ் நெடுங்கணக்கில் பெரும்பகுதி உளுந்து மாவில் ஏறிவிட்டது.

மனைவி வந்து பார்த்தாள். ஓர் உருண்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“இந்த ஈயத்தையும் மையையும் தின்னுட்டு நாங்க எல்லாரும் போறதுக்கா? இல்லே, சத்யைக்குச் சாப்பிட வரவாளுக்கு ஆளுக்கொரு எழுத்தாப் பொரிச்சுப் போடறதுக்கா?”

“இது ஆராய்ச்சி.”

“ஆராய்ச்சிக்குக் களிமண் போறாதோ? கல்பாத்திப் புழையிலே ஆத்தங்கரை நிறைய இருக்கே, கேட்டேளா?”

அந்த மாவு முழுவதும் எருமைக்குக்கூடப் போடாமல் கொட்டப்பட்டது. மறுநாள் முதல் களிமண். ஆனால் ஆராய்ச்சி பலித்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டு இனமும் மெல்ல மெல்லப் பிரிந்து நின்றன. ஒன்று ஒடிசலானது. அகரத்தின் சுழி கடுகளவு. ணகரத்தின் மூன்று சுழியும் ஒன்றையொன்று தொடாமல் தள்ளி நிற்கும். ‘லை’யின் தும்பிக்கை பட்டினி கிடந்த யானையுடையது. இன்னொன்றில் எல்லாமே பூரிப்பு. அகரத்தின் சுழி லட்டு. ணகரத்தின் சுழிகள் தேர் நாள் கூட்டம்போல் இடித்துக்கொண்டு நிற்கும். தும்பிக்கை கரும்பைப் பார்த்துவிட்ட தும்பிக்கை. முதலாவதற்கு ஏகாதசி என்று பெயர் வைத்தேன். இரண்டாவது, விரதம் முடித்து மறுநாள் இலையில் உட்கார்ந்து எழுந்த துவாதசி. நண்பரிடம் சொன்னபோது, “எங்கூட்டுல ஏகாதசியெல்லாம் கெடையாதுங்க, ஆனாப் புரியுதுங்க” என்றார். அச்சாபீஸில் அந்தப் பெயர்களே நின்றுவிட்டன.

சுழி உள்ள எழுத்தெல்லாம் சுலபம். ஞ, ண, ழ, கு எல்லாம் தம் குலம் கோத்திரம் சொல்லிக்கொண்டு வந்தன. சங்கடம் செய்தவை நேர்க்கோட்டு எழுத்துகள். ‘ப’ கொஞ்சம் படுத்தியது. ‘ட’ என்னை முறியடித்தது. ஒரு நிற்கும் கோடு, ஒரு படுத்த கோடு. சுழி இல்லை, வால் இல்லை, வளைவு இல்லை. அதன் மூலை துவாதசியில் மழுங்கலாகவும் ஏகாதசியில் கூர்மையாகவும் இருக்கும் என்று ஒரு சித்தாந்தம் உண்டாக்கி, டகரங்களையெல்லாம் அதன்படி இரண்டாகப் பிரித்தேன். பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். நண்பர் இரண்டு குவியலிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்து விரலில் உருட்டினார்.

“ஏனுங்க சாமி, மழுங்குனதெல்லாம் பழசு, கூரா இருக்கறதெல்லாம் புதுசு. நீங்க பிரிச்சது வயசுங்க.”

“அப்போ ‘ட’வை என்னதான் பண்றது?”

“ரெண்டு கோட்டுல எங்க போயி மொகத்தப் பாக்கறது? கலந்தே கெடக்கட்டும். மேனேஜரும் மனுசன்தானுங்களே.”

கலந்தே விட்டோம். மாதிரிப் பக்கத்துக்கு எந்த இனம் என்ற கேள்வி வந்தபோது நான் துவாதசிக்காக ஒரு வக்கீலின் வாதத்தையே நடத்தினேன். குழந்தைகள் கண்ணுக்கு நிறைவாக இருக்க வேண்டும், எழுத்து பசியோடு நிற்கக்கூடாது என்றெல்லாம் பேசினேன். நண்பருக்கு ஏகாதசிதான் பிடித்திருந்தது என்று எனக்கு அப்போதே சந்தேகம். ஆனால் அவர், “உங்களுக்குத் தெரியாததுங்களா” என்றார். பிரித்த துவாதசியில் ஒரு ‘ஷ’ அபார அழகு. தேடித் தேடிப் பார்த்ததில் அந்த இனத்தில் அகப்பட்ட ஷகரங்கள் சிலதான். எல்லாம் நல்ல உருண்டு திரண்டவை. பாடத்தில் ‘விஷம்’ என்று ஒரு சொல் வந்தது. அதற்கு அவை அம்சமாகப் பொருந்தின. அச்சுக் கோப்பவர் கோத்தார். நண்பர் படித்துப் பார்த்தார். நான் மூன்று தரம் படித்தேன். பக்கம் கோயில் கோபுரம்போல் இருந்தது.

சந்தை நாள் வந்தது. மேனேஜர் காலையிலேயே வந்துவிட்டார். உயரமான மனிதர், கையில் குடை, சட்டைப் பையில் அதே சிவப்புப் பென்சில். நான் கோர்ட்டுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, என் வெற்றியைக் கண்ணால் பார்க்க ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவர் பக்கத்தை வாங்கி ஜன்னலோரம் போனார். அகரத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார், தலையை ஆட்டினார். ணகரத்தைப் பார்த்தார். டகரங்களைத் தாண்டிப் போனார்; நண்பரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பிறகு அவர் விரல் ஓரிடத்தில் நின்றது.

“இது என்ன எழுத்துங்க?”

நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். ‘விஷம்’ என்ற சொல். நடுவிலிருந்த எழுத்து.

“ஷகரம்” என்றேன். “இந்த இனத்திலேயே இதுதான் சிரேஷ்டம். வடிவத்தைப் பாருங்கோ.”

“வடிவத்தப் பாத்துத்தானுங்க கேக்கறேன். எங்க பக்கம் இந்த எழுத்த நான் பாத்ததே இல்லீங்க.”

நண்பர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். ஒரு கணம். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சாமி, இது மலையாளமுங்க.”

நான் மறுபடி பார்த்தேன். மலையாளம்தான். தமிழ் ‘ஷ’ கடைசிக் காலைத் தொங்கவிட்டு நிற்கும். மலையாள ‘ஷ’ சம்மணம் போட்டு உட்காரும். இது சம்மணம் போட்டிருந்தது. சந்தை நோட்டீஸெல்லாம் எங்கள் ஊரில் ஒரே காகிதத்தில் மேலே மலையாளம், கீழே தமிழ் என்றுதான் அடிப்பார்கள். அடித்து முடித்து எழுத்தைப் பெட்டியில் திருப்பிப் போடும்போது எப்போதோ அங்கிருந்து இங்கே குடியேறிவிட்டது. நான் அதைத் துவாதசியின் மூத்த பிள்ளை என்று சீராட்டியிருக்கிறேன். அதைவிட வேடிக்கை, அச்சுக் கோத்தவர், நண்பர், நான் என்று மூன்று பேர் படித்தோம். மூன்று பேர் வாயிலும் அது தங்குதடையில்லாமல் ‘ஷ’ என்றே வந்தது. பிறந்தது முதல் இரண்டு எழுத்தையும் கடைப் பலகைகளில் ஒன்றாகவே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எல்லைக்கு அப்புறத்து மனிதருக்கு மட்டும்தான் அது அந்நியம்.

“இங்க நம்ம பள்ளிக்கூடத்துப் பசங்க வெளியில பூரா மலையாளந்தான் பாக்கறாங்க” என்றார் மேனேஜர், மெல்ல. “புஸ்தகத்துக்குள்ளயாவது தமிழ் மட்டும் இருக்கட்டுமுங்க.” குடையை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மாட்டு மணி கேட்டது. அண்ணனின் வண்டி, பாரம் தாங்காமல் அச்சு கிறீச்சிட, வந்து நின்றது. அண்ணன் இறங்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

“ஏண்டா, காய் வந்துருச்சு. எங்க எறக்கறது?”

என் நண்பர் வாசல் பக்கம் திரும்பாமல் மேனேஜரின் முன்னால் வந்து நின்று, “சித்த நேரம் ஒக்காருங்க. மோர் தரச் சொல்றேன். குடிச்சு முடிக்கறதுக்குள்ள வேற பக்கம் காட்டறேன். அதும் புடிக்கலீன்னா போயிட்டு வாங்க” என்றார்.

“இந்தக் குண்டு எழுத்துல சரியான ‘ஷ’ போட்டா?”

“குண்டுல ‘ஷ’வே இல்லீங்க. இருந்ததெல்லாம் மலையாளம்னு இப்பத்தான தெரியுது. மெலிசான எழுத்துல எல்லாம் இருக்குதுங்க. முழுப் பக்கத்தையும் அதுலயே கோத்துத் தர்றனுங்க.”

மேனேஜர் குடையைப் பார்த்தார், மோர் என்ற சொல்லையும் யோசித்தார். உட்கார்ந்தார்.

அச்சுக் கோப்பவரை நகரச் சொல்லிவிட்டு, எழுத்தடுக்கும் இரும்புச் சட்டத்தை நண்பரே கையில் எடுத்தார். ஏகாதசிப் பெட்டிமுன் நின்று வரி வரியாகக் கோக்க ஆரம்பித்தார். அண்ணன் ஒரு முறை “டேய்” என்றார். தம்பியின் முதுகு திரும்பவில்லை. வேறு வழியில்லாமல் அண்ணன் என் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் நின்றேன்.

“எந்தூருங்க?” என்றார் அண்ணன்.

மேனேஜர் சொன்னார்.

“அட, அக்கட்டயா! மழ எப்படிங்க?”

“பரவால்லீங்க. பருத்திதான் கொஞ்சம் அடிவாங்கிப்போச்சு.”

“எங்க பக்கம் காய் நெம்ப நல்லாருக்குதுங்க.” வேட்டி மடிப்பிலிருந்து ஒரு கை கடலைக்காயை எடுத்து நீட்டினார். மேனேஜர் உடைத்துத் தின்றார். அண்ணன் துவாதசிப் பக்கத்தை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். “இதுல என்னங்க குத்தம்? நல்லாத்தான மொழுமொழுன்னு இருக்குது.”

“நானும் அதையேதான் சொன்னேன்” என்றேன்.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்குப் படிக்கத் தெரியுமா என்று யோசிப்பவர்போல இருந்தது.

எனக்கு அப்போது செய்ய ஒரு வேலையும் இல்லை. நண்பர் கை ஓடுகிற ஓட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அறை. அவர் அறையைப் பார்க்கவே இல்லை. இடையில் ஒரே ஒரு தடவைதான் கை நின்றது. ‘ஷ’ அறையிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, கால் தொங்குகிறதா என்று பார்த்து, என் பக்கம் நீட்டினார். நானும் பார்த்தேன். தொங்கியது. தலையாட்டினேன். அன்று அந்த அச்சாபீஸுக்கு நான் செய்த உபயோகமான காரியம் அது ஒன்றுதான்.

மை தடவி, காகிதம் வைத்து அழுத்தி, ஈரம் உலராத பக்கத்தை மேனேஜர் கையில் கொடுத்தார். மேனேஜர் கடலைத் தொலியைத் தட்டிவிட்டு ஜன்னலோரம் போனார். இந்தத் தடவை வெகுநேரம் பார்த்தார். அண்ணனும் எழுந்துபோய் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“முன்ன காட்டுனதுல சுழிக்குள்ள மை அடைச்சுக்கிட்டிருந்துதுங்க” என்றார் மேனேஜர். “இதுல உள்ள வெள்ளை தெரியுது பாருங்க. கொழந்தை வெரல் வெச்சுச் சுத்திப் பாக்கலாம். மொதல்லயே ஏன் இத காட்டல?”

நண்பர் என்னைப் பார்க்காமல், “என்ற கணிப்புத் தப்பிப்போச்சுங்க” என்று முனகினார். அந்தக் காலத்தில் நட்பு என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

மேனேஜர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். பக்கத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டார். “மத்த பாடமெல்லாம் அடுத்த வாரம் கொடுத்தனுப்பறேன். தை பொறக்கறதுக்குள்ள புஸ்தகமா வேணுமுங்க.”

“வருசா வருசம் வருமுங்களா இது?” என்று கேட்டவர் அண்ணன்.

“பிள்ளைங்க பொறக்கற வரைக்கும் வருமுங்க.”

அண்ணன் கொஞ்ச நேரம் வாசலையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய் வண்டிக்காரரிடம் குரல் கொடுத்தார்: “அவுக்காத, அவுக்காத. பூட்டுனது பூட்டுனபடி இருக்கட்டும். பெரிய கடவீதில மூட்டை அடுக்கக் கிட்டங்கி காலியா இருக்குதான்னு கேட்டுப்போட்டு வரலாம்.” படியில் கால் வைத்தவர் திரும்பி, தம்பியிடம், “வாடகைய உன்ற கணக்குலதான் வெப்பேன்” என்றார்.

“சரிங்ணா.”

“ஊட்டுக்குச் சாப்புட வா. மையக் கழுவிட்டு வா.”

வண்டி சந்தில் திரும்ப இடம் போதாமல் முன்னும் பின்னும் நகர்ந்து, மாடுகள் வசவு வாங்கி, ஒருவழியாகக் கிளம்பியது. நண்பர் வாசலில் நின்று அது வளைவில் மறையும்வரை பார்த்தார். உள்ளே வந்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த மை உருளையைக் கீழே வைக்க மறந்திருந்தார். நான் வாங்கி மேசைமேல் வைத்தேன்.